விளக்கப் பக்கத்தில் ஏறிவிட்ட வசவுகள்

நான் புரோகிராம் எழுதும்போது திட்டிக்கொண்டே எழுதுவேன். வாய்விட்டுத் திட்டினால் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்கும் என்பதால், வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே திட்டுகளைப் புரோகிராமுக்குள் எழுதிவைக்கப் பழகிவிட்டேன். கம்ப்யூட்டர் சட்டை செய்யாத வரிகள் என்று புரோகிராமில் உண்டு. கமெண்ட் என்போம். இந்த இடத்தில் இன்ன காரணத்துக்காக இப்படிச் செய்திருக்கிறேன் என்று, பின்னால் வந்து படிக்கிறவருக்காக எழுதிவைக்கும் குறிப்பு அது. மற்றவர்கள் அதில் குறிப்பு எழுதினார்கள். நான் குறிப்பும் எழுதினேன், கூடவே என் வயிற்றெரிச்சலையும் எழுதினேன். அந்தப் பழக்கம் இந்தச் சித்திரையில் என் சோலியை முடித்திருக்க வேண்டியது. முடிக்கவில்லை. அந்த நிம்மதியில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது திற்பரப்புக்குப் பக்கம். அருவிக்குக் குளிக்க வருகிற பஸ்களின் ஹாரன் வீடு வரைக்கும் கேட்கும். என் கணவருக்கு ரப்பர்த் தோட்டம். பெரிய தோட்டமெல்லாம் இல்லை, அவரும் இன்னொரு ஆளுமாகக் காலையில் பால் வெட்டி முடித்துவிடக்கூடிய அளவுதான். எனக்கு வேலை சென்னையில். கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவர் இங்கே, நான் அங்கே. ரப்பர் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு அவர் சென்னைக்கு வர முடியாது, ஆபீஸைத் தூக்கிக்கொண்டு நான் இங்கே வர முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருவேன். ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஆராதனைக்குப் போவேன், சாயங்காலம் நாகர்கோவிலில் மறுபடி ரயிலேறுவேன். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே பேசுவதாக இல்லை.

பிறகு ஊரடங்கு வந்தது. இரண்டு பையும் ஒரு கம்ப்யூட்டருமாக வந்து இறங்கினேன். ஊரடங்கு முடிந்தும் நான் திரும்பிப் போகவில்லை, ஆபீஸும் கூப்பிடவில்லை. புருஷனோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று முப்பத்தெட்டு வயதில்தான் நான் படித்தேன். முதல் ஆறு மாதம் கண்டபடி சண்டை போட்டோம். அவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார், நான் கத்துவேன். நான் மீட்டிங்கில் இருக்கும்போது அவர் மிக்சியைப் போடுவார், அதற்கும் கத்துவேன். அப்புறம் எல்லாம் பழகிவிட்டது. சாயங்காலம் அவர் சாயா போட்டு எனக்கும் ஒரு தம்ளர் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அதை மறுபடி விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

எங்கள் ஆபீஸில் பழைய நிலப் பத்திரங்களை வாசித்து, எந்தத் தேதியில் யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்று வரிசைப்படுத்துகிறார்கள். எங்கள் மாவட்டத்துப் பத்திரம் வந்தால் எல்லாருக்கும் தலைவலி. திருவிதாங்கூர்க் காலத்தில் எழுதிய பத்திரத்தில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். வயலின் அளவு ஏக்கரில் இருக்காது, இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று, அதில் விதைக்கிற நெல்லை வைத்துச் சொல்லியிருக்கும். அந்தத் தேதியை இங்கிலீஷ் தேதியாகவும் அந்த விதைப்பாட்டைச் சென்ட் அளவாகவும் மாற்ற, சென்னையில் இருந்தபோதே நான் ஒரு லைப்ரரி எழுதத் தொடங்கினேன். லைப்ரரி என்றால், மற்றவர்கள் தங்கள் புரோகிராமோடு சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி எழுதிக்கொடுக்கிற புரோகிராம். வருஷம், மாதம், நாள் மூன்றையும் எண்ணாகக் கொடுத்தால் போதும், இங்கிலீஷ் தேதி வந்து நிற்கும். இதில் என்ன குழப்பம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். இந்த மண்ணில் பிறந்த எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ஒன்றாம் மாதம் என்றால் ஆவணி என்று எழுதிவைத்தேன். வெளியே ஒரு வரி சொல்லவில்லை. சோறு உண்ணக் கையைப் பயன்படுத்தவும் என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா? ஆனால் சென்னைக்காரர்களுக்கு ஒன்றாம் மாதம் சித்திரை. அவர்கள் சித்திரைக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். என் லைப்ரரி அதை ஆவணி என்று எடுத்துக்கொண்டது. ஆவணிக்கு ஐந்து என்று கொடுத்தார்கள், அது மார்கழி ஆகிவிட்டது. ஒரு குடும்பத்துப் பத்திரத்தில் அப்பா ஆவணியில் மகனுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார், மகன் அடுத்து வந்த சித்திரையில் விற்றிருக்கிறான். எங்கள் கம்ப்யூட்டர் சொன்னதோ, மகன் ஆவணியிலேயே விற்றுவிட்டான், அப்பா மார்கழியில்தான் அவனுக்குக் கொடுத்தார் என்று. அதைத் திருத்த அந்தக் குடும்பம் இரண்டு முறை அலைந்தது.

அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும் எனக்குப் போன். மாதம் ஒன்றா ஒன்பதா, ஆடிக்கு முப்பத்தொன்றா முப்பத்திரண்டா, எத்தனை மரக்கால் சேர்ந்தால் ஒரு கோட்டை. துணி துவைக்கும்போது போன், மீன்காரர் வாசலில் நிற்கும்போது போன். நானும் பொறுமைசாலி இல்லை. கேட்ட கேள்வியையே மூன்றாம் ஆள் கேட்டால் குரல் உயர்ந்துவிடும்.

பங்குனிக் கடைசியில் என் மேலாளர் கூப்பிட்டார். என்னைவிட நாலு வயது இளையவர். குரலை உயர்த்தவே மாட்டார், எனக்கு அதுவே எரிச்சல். எல்லாருக்கும் உங்களிடம் சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது, போன் செய்யத் தயங்குகிறார்கள், நீங்கள் இங்கேயே இருந்தால் எழுந்து வந்து கேட்டுக்கொள்வார்கள், ஆகவே ஜூனிலிருந்து சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றார். யாரும் என்னிடம் எதுவும் கேட்கத் தேவையில்லாதபடி முழு டாக்குமென்டேஷன், அதாவது விளக்கப் பக்கங்கள், எழுதிவிடுகிறேன், அதற்குப் பிறகும் போன் வந்தால் வருகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். மூன்று வாரம் தருகிறேன், அது முடிந்ததும் ஒரு வாரம் பார்ப்போம், அந்த வாரத்தில் சந்தேகம் கேட்டு உங்களுக்குப் போன் வராவிட்டால் நீங்கள் அங்கேயே இருக்கலாம் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் அப்போது அது நியாயமாகப் படவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் மீன்குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, "செரி. போவதா இருந்தா டிக்கெட்டு இப்பவே போடணும், ஜூன்ல கிட்டாது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும்? இந்த ஆளுக்காகவா நான் மேலாளரிடம் மல்லுக்கு நின்றேன்? தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

டாக்குமென்டேஷனைக் கையால் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புரோகிராமை மேய்ந்து, அதில் உள்ள கமெண்டுகளைப் பொறுக்கி, தானே விளக்கப் பக்கங்கள் செய்துகொடுக்கிற கருவி இருக்கிறது. அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாய்கோடு போட்டு ஒரு நட்சத்திரக் குறி வைத்து எழுதின கமெண்டை அது தொடாது. அது நமக்குள் பேசிக்கொள்வது. இரண்டு நட்சத்திரம் வைத்து எழுதினால்தான் ஊருக்குச் சொல்வது என்று எடுத்துப் பக்கத்தில் போடும். இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இரண்டு நட்சத்திரம் வைத்தால் என் கம்ப்யூட்டரில் எழுத்து அழகான நீல நிறத்தில் வரும், ஒன்று வைத்தால் செத்துப்போன சாம்பல் நிறத்தில் வரும். எனக்கு நீலம் பிடிக்கும். எத்தனையோ வருஷமாக எல்லாவற்றையும் இரண்டு நட்சத்திரத்தில்தான் எழுதி வந்திருந்தேன்.

முதல்முறை கருவியை ஓட்டிப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. பக்கங்கள் வந்தன, ஆனால் எல்லாம் இங்கிலீஷ் அகரவரிசையில். முதலில் தெரிய வேண்டிய விஷயம் கடைசியில் கிடந்தது. வெள்ளைத் தாளில் வெளுத்த சாம்பல் எழுத்து. பத்திரம் வாசிக்கிற பிரிவினரும் பார்ப்பார்கள், தமிழிலேயே இருக்கட்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்தத் தமிழைப் பார்க்கச் சகிக்கவில்லை. இங்கிலீஷுக்கு அளந்து வைத்த வரி உயரத்தில் நம் எழுத்து எப்படி அடங்கும்? 'மீ'க்கு மேல் சுழி வெட்டுப்பட்டிருந்தது, 'கூ'வுக்குக் கீழ் வால் இல்லை. மீனம் என்ற பழைய மாதப் பெயர் மனம் போல நின்றது.

சரி, முதலில் குறிப்புகளை ஒழுங்காக எழுதுவோம் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். ஒரு வாரம் அதற்கே போனது. அடுத்த வாரம் வரிசை மாற்றினேன். வருஷம், மாதம், நிலம் என்று மூன்று கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எங்கள் பத்திரங்களில் இருக்கிற மாதிரியே உதாரணம் கொடுத்தேன். மூன்றாவது வாரம் முழுக்க அலங்காரம். எழுத்துரு மாற்றி, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, சாம்பலைக் கறுப்பாக்கி, தலைப்புக்கு வாழையிலைப் பச்சை கொடுத்தேன். இடது பக்கப் பட்டியலில் நீளமான பெயர்கள் மடங்கி அடுத்த பெயர் மேல் ஏறின, அதைச் சரி செய்தால் வலது பக்கம் அட்டவணை வெளியே துருத்தியது. அட்டவணையைப் பிடித்து உள்ளே தள்ளினால் எழுத்து சிறுத்தது. சவத்தை விட்டுவிட்டு ரயிலேறிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

இதில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முழுவதும் எழுதுவதாக மேலாளரிடம் சொன்னேனே, எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று, உள்ளே இருக்கிற சின்னச்சின்ன வேலைகளையும் சேர்த்துக் காட்டும்படி கருவிக்குச் சொல்லிவைத்தேன். அவையெல்லாம் கடைசியில் 'உள் வேலைகள்' என்ற பக்கத்தில் போய் விழுந்தன. அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. அலங்காரம் செய்கிறவர்களுக்குத் தெரியும், ஒரே பக்கத்தைத்தான் நூறு தடவை திறந்து பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு அது மாதங்களின் பக்கம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று கண்ணை மூடினாலும் அந்த அட்டவணைதான் தெரிந்தது.

அழகாக இருக்கிறதா என்று கேட்க வீட்டில் ஒரே ஓர் ஆள்தான். கோபமாக இருந்தாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். அவருக்குப் புரோகிராம் தெரியாது, ஆனால் கொல்லம் ஆண்டு தெரியும், மரக்கால் தெரியும். போனில் பார்த்துவிட்டு, ஒன்றாம் மாதம் ஆவணி என்பதை ஏன் மாதப் பக்கத்தின் அடியில் போய் எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். அங்கேதான் அது பொருந்தும் என்றேன். "பொருந்தும், ஆனா யாரு அது வர எறங்கி வருவா? படி ஏறும்பளே சொல்லாண்டாமா" என்றார். கேட்டதும் முதலில் சுள்ளென்று இருந்தது. அப்புறம் பேசாமல் போய் ஒரு மஞ்சள் பெட்டி செய்து, 'ஒன்றாம் மாதம் ஆவணி. சித்திரை அல்ல. சித்திரைக்கு ஒன்பது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, எல்லாப் பக்கத்துக்கும் தலைமாட்டில் வைத்தேன். அவர் சொன்னது சரி என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலாளருக்கு லிங்க் அனுப்பினேன். சனிக்கிழமை பார்க்கிறேன், திங்கட்கிழமை எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்று பதில் வந்தது. அதே லிங்கைக் கணவருக்கும் அனுப்பிவைத்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. மூன்று வாரம் பாடுபட்டதைப் பார்க்கட்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பதினோரு மணி இருக்கும். நான் மரச்சீனிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவர் ஷெட்டில் இருப்பார். ரப்பர் பாலைத் தட்டுகளில் ஊற்றி, அது உறைவதற்காகக் காத்திருக்கிற நேரம். அப்போதுதான் போன் பார்ப்பார். அன்றைக்கு அந்தப் பாலை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுக்களை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏட்டி, அன்னைக்கு நீ லீவு கேட்டியா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. என்றைக்கு என்று கேட்டேன். போனை நீட்டினார். 'உள் வேலைகள்' பக்கம். ஆடி மாதத்துக்கு எத்தனை நாள் என்று கண்டுபிடிக்கிற சின்ன வேலையின் கீழே, விளக்கம் என்ற தலைப்பில், நான் தேர்ந்தெடுத்த எழுத்துருவில், சுழியும் வாலும் வெட்டுப்படாமல் இப்படி இருந்தது:

'தை இருவது வருது, எங்க கல்யாண நாளு. சிதறால் மலைக்கி போவலாம் வான்னு கூப்பிட்டாரு. லீவு கேட்டேன், தரல்ல. கேட்டும் தரல்லன்னு சொன்னா அவருக்கு மனசு கெட்டுப்போவும். அதனால, சோலி கெடக்கு, தொல்லை பண்ணாதீங்கன்னு சொல்லி போன வச்சிட்டேன். ஆடிக்கு முப்பத்தொண்ணா இருந்தா என்ன, முப்பத்திரண்டா இருந்தா என்ன, யாருக்கு வேணும் இந்த எளவு.'

எழுதினது நினைவில் இல்லை. ஆனால் அந்த நாள் நினைவிருந்தது. ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசினேன். அவர், செரி, சோலியப் பாரு என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண நாளுக்கும் அவர் வா என்று கூப்பிட்டதில்லை. நானும் ஏன் கூப்பிடுவதில்லை என்று கேட்டதில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல, இதுல எழுதி வச்சிருக்க" என்றார். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஒனக்கு அங்கதான் பிடிச்சிருக்கு, நான் கூப்பிடுதது ஒனக்குத் தொல்லையாக்கும்னு நெனச்சேன். அதனாலதான் இப்பவும் போவாதேன்னு வாயத் தொறக்கல்ல."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். தொல்லையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு காலம் ஒரு பொய்யை நான் மறந்துவிட்டேன், இந்த மனுஷன் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மேலெல்லாம் ரப்பருக்கு ஊற்றுகிற ஆசிட் வாடை. எழுந்து போய்க் குளியுங்கள் என்று வழக்கமாகச் சொல்லுவேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. அவர் போனில் இருப்பது மேலாளர் போனிலும் இருக்கும். எழுந்து ஓடினேன். 'உள் வேலைகள்' பக்கத்தை முதன்முறையாக முழுக்கப் படித்தேன். ஐயோ, என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன். 'இதத் தொடாதே, தொட்டா ஆடி மாசம் காணாமப் போவும்.' 'இதுக்கும் போன் பண்ணிச் சந்தேகம் கேக்குதவன் கோட்டிக்காரன்.' கோட்டிக்காரன் என்றால் எங்கள் ஊரில் பைத்தியக்காரன். அதற்குக் கீழே, 'மேல இருக்கவங்களுக்கு ஆவணியும் தெரியாது ஆடியும் தெரியாது, சும்மா கெடந்து துள்ளுதாங்க.' மேலே இருக்கிறவர் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். பக்கத்தை எடுத்துவிடப் போனபோது அவரிடமிருந்து செய்தி வந்துகிடந்தது. பார்த்தேன், கூப்பிடுங்கள் என்று இரண்டே வார்த்தை.

சோலி முடிந்தது என்று நினைத்தேன். அவரைக் கூப்பிடுவதற்கு முன் கணவரிடம், டிக்கெட் போட்டுவிடுங்கள் என்றேன். அவர், முதலில் பேசு என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேலாளர் எப்போதும் போலத் தணிந்த குரலில் பேசினார். தொட்டால் ஆடி மாதம் உண்மையிலேயே காணாமல் போகுமா என்று முதலில் கேட்டார். சில வருஷங்களுக்குப் போகும் என்றேன். அப்படியானால் அதை மரியாதையாக ஒரு எச்சரிக்கையாக எழுதி மேலே வையுங்கள் என்றார். அப்புறம், எனக்கு ஆவணி தெரியாது என்பது வாஸ்தவம், ஆடி தெரியும், ஆடித் தள்ளுபடிக்குப் போகாத வருஷமே இல்லை என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தத் தை இருபது. லீவு தராதது நான்தானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அப்போதும் அவர்தான் எனக்கு மேலாளர். எனக்கு நினைவே இல்லை என்றார். ஒரு கேள்வியாகவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை, அப்படியே சொன்னார். பிறகு, திங்கட்கிழமை காலைக்குள் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், மற்றபடி பக்கங்கள் நன்றாக இருக்கின்றன, மஞ்சள் பெட்டி மிகவும் உபயோகம், பேசினபடி ஒரு வாரம் பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன சொன்னார் என்று கணவர் கேட்டார். மஞ்சள் பெட்டி நன்றாக இருக்கிறதாம் என்றேன். அது நான் சொன்னதாக்கும் என்றார். ஆமாம், நீங்கள் சொன்னதுதான் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, கமெண்டுகளைக் களையெடுக்க உட்கார்ந்தேன். அழிப்பதுதான் முறை. வசவுகளை யோசிக்காமல் அழித்தேன். எனக்கே சிரிப்பு வந்த சிலவற்றை அழிக்க மனம் வராமல் ஒரு நட்சத்திரத்தை மட்டும் எடுத்துவிட்டேன். ஒரு நட்சத்திரம் குறைந்தால் கருவி அதைத் தொடாது, புரோகிராமைத் திறந்து பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும். தை இருபதுக்கு வந்ததும், கணவரைக் கூப்பிட்டு என்ன செய்ய என்று கேட்டேன். அது கெடக்கட்டும் என்றார். அதற்கும் ஒரு நட்சத்திரத்தை எடுத்தேன். நீலமாக இருந்த எழுத்து சாம்பல் நிறமானது.

திங்கட்கிழமை காலை போனை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடிக்கவில்லை. மத்தியானம் வரை அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா, சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேனா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையும் அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது என்றுதானே இவ்வளவு பாடு? ஆனால் அடிக்காமல் இருந்தபோது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. யாரும் என்னிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்றால், பிறகு நான் எதற்கு என்று மேலே இருப்பவர்களுக்குத் தோன்றிவிட்டால்? இதைச் சொன்னபோது கணவர், போன் அடிச்சாலும் வெப்ராளம், அடிக்காட்டாலும் வெப்ராளமா என்று சிரித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் அடித்தது. பத்திரம் வாசிக்கிற பிரிவிலிருந்து ஒரு பெண். அவர் தயங்கித் தயங்கிப் பேசினார். சந்தேகம் எதுவும் இல்லை மேடம், எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது, விதைப்பாட்டு அட்டவணையின் வலது ஓரம் மட்டும் எங்கள் பழைய கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றார். அதைச் சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்டேன். போன் செய்தால் கோட்டிக்காரி என்று எழுதிவிடுவீர்கள் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள் என்றார். லிங்க் எப்படிக் கைமாறியதோ, சனிக்கிழமையே யாரோ பார்த்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படியெல்லாம் எழுத மாட்டேன் அம்மா என்று சொல்லி, பத்து நிமிஷத்தில் அட்டவணையைச் சரி செய்துகொடுத்தேன்.

அந்த வாரம் போன் அடிக்காமல் இருந்தது என் விளக்கப் பக்கங்களாலா, அல்லது என் வாய்க்குப் பயந்தா என்று எனக்கு இன்று வரை தெரியாது. நான் அதைத் தோண்டிப் பார்க்கவும் இல்லை. ஆனால் வந்த ஒரு போனை மறைக்காமல் மேலாளருக்கு எழுதினேன். மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் பார்த்திருந்தேன். அது சந்தேகம் இல்லை, குறை சொன்னது, கணக்கில் வராது என்று அவர் பதில் எழுதினார்.

அடுத்த திங்கட்கிழமை பத்தரை மணிக்குச் செய்தி வந்தது. நீங்கள் அங்கேயே இருந்து வேலை பார்க்கலாம், அடுத்து கொச்சிப் பக்கத்துப் பத்திரங்களுக்கும் இதேபோல ஒன்று எழுத வேண்டியிருக்கும். இரண்டு முறை படித்தேன். நெஞ்சுக்குள் ஒரு மாதமாக யாரோ பிடித்திருந்த பிடியை விட்டதுபோல இருந்தது. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. செருப்புக்கூடப் போடாமல் ஷெட்டுக்குப் போனேன்.

அவர் உறைந்த பாலை ரோலரில் கொடுத்து ஷீட் இழுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. ஷீட் மறுபக்கம் வந்து விழுந்தது, அதை எடுத்து மறுபடி உள்ளே கொடுத்தார். ஏற்கெனவே மெலிந்திருந்ததைத்தான் திரும்பக் கொடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், "அப்ப வியாழக்கெழம சிதறாலுக்குப் போவோமா? ஒனக்குச் சோலி இல்லன்னா" என்றார்.

சோலி இருந்தாலும் போவோம் என்றேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் லீவு விண்ணப்பத்தைத் திறந்தேன். வியாழக்கிழமை, ஒரு நாள். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். சொந்த வேலை என்று போடுவதுதான் வழக்கம். நான் கல்யாண நாள் என்று எழுதினேன். இது வைகாசி. எங்கள் கல்யாண நாள் தை இருபது என்பது மேலாளருக்குத் தெரியும். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுச் சாயா போட எழுந்தேன். அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது.